வாந்திப் பையின் வரலாறு

ஏற்காட்டிலிருந்து வந்த ஒரு அம்மா கேட்டாங்க: "பொண்ணு சேலத்துல இருந்து ஃபிளைட் டிக்கெட் போட்டிருக்கா டாக்டர். மலை இறங்குற பஸ்லயே எனக்கு வாந்தி வரும். அங்க எடுத்தா மானம் போயிடுமே?"

1930-இல் அமெரிக்காவில் எலன் சர்ச் முதல் விமானப் பணிப்பெண்ணா சேர்ந்தார். அவர் நர்ஸ். கூடச் சேர்ந்த ஏழு பேரும் நர்ஸ்தான். காரணம் இருக்கு. அப்போ விமானங்கள் மேகத்துக்கு மேல ஏற முடியாம, காற்று குலுக்குற உயரத்துலயே பறந்தன. கோட்டு சூட்டு போட்ட கனவான்களும் வாந்தி எடுத்தாங்க. 1949-இல் கில்மோர் ஷெல்டால் என்பவர் நார்த்வெஸ்ட் ஓரியண்ட் நிறுவனத்துக்காக, உள்ளே பிளாஸ்டிக் பூசின பையைச் செய்தார். இன்னிக்கு சீட் முன்னாடி செருகியிருக்கிறது அதோட வாரிசு.

ஏற்காடு பாதையில 20 கொண்டை ஊசி வளைவு. உள்காது 'திரும்புறோம்'னு சொல்லும். முன்சீட்டையே பார்க்கிற கண்ணு 'அசையலையே'ன்னு சொல்லும். அந்தக் குழப்பம்தான் வாந்தி. பஸ்ல யாராவது ஜன்னல் சீட்டை விட்டுக்கொடுப்பாங்க, எலுமிச்சம்பழம் நீட்டுவாங்க. விமானத்துல ஜன்னல் திறக்காது. அதான் பை. (பக்கத்துல வாந்தி எடுக்கிறவரை வீடியோ எடுக்கிறவங்களுக்கு என்கிட்ட மருந்து இல்ல.)

அந்த அம்மாகிட்ட சொன்னேன்: இறக்கை பக்கத்துல சீட் கேளுங்க, அங்க ஆட்டம் குறைவு. வெறும் வயித்தோட ஏறாதீங்க, முட்டச் சாப்பிடவும் வேண்டாம். மாத்திரையைக் குமட்டல் வந்த பிறகு போட்டுப் பிரயோஜனமில்ல, கிளம்புறதுக்கு முன்னாடியே போடணும். ஏறின உடனே பை இருக்கான்னு பாருங்க. இல்லேன்னா கூச்சப்படாம கேளுங்க.