கொக்கிக்குப் பின்னால் வந்த வேகன்

நீளம் ஏழரை சென்டிமீட்டர்தான். அமெரிக்காவின் 40 அடி மூடிய சரக்கு வேகனை 160-ல் ஒரு பங்காகச் சுருக்கினால் அவ்வளவுதான் வரும். ஆனாலும் ‘மைக்ரோ-டிரெய்ன்ஸ்’ என்ற மாதிரி ரயில் கம்பெனியின் குட்டி வேகனில் ரயில்வேயின் சின்னம், வேகன் எண், தாங்கும் எடை எல்லாம் அச்சாகியிருக்கும். லென்ஸ் வைத்துப் படித்துவிடலாம். சேகரிப்பவர்கள் பலருக்கு அந்த அச்சின் மேல்தான் ஆசை. எனக்கு முதலில் கண் போவது வேகனின் முனையில் இருக்கும் கொக்கிக்கு. கதை பிறந்தது அங்கேதான்.

நிஜ ரயிலில் அந்தக் கொக்கிக்கு ரத்தம் தோய்ந்த முன்கதை உண்டு. பழைய அமெரிக்க வேகன்களை ஒரு வளையமும் ஆணியும் கொண்டு இணைத்தார்கள். நெருங்கி வரும் இரண்டு வண்டிகளுக்கு நடுவே ஆள் நின்று ஆணியைச் செருக வேண்டும். விரல் போனவர்களும் உயிரே போனவர்களும் ஏராளம். 1873-ல் ஈலை ஜேனி என்பவர், விரல்களை மடித்து இரு கைகளையும் கோப்பதுபோல மோதியதும் தானே பூட்டிக்கொள்ளும் இணைப்புக் கொக்கிக்கு, அதாவது கப்ளிங்குக்கு, காப்புரிமை வாங்கினார். 1893-ல் தானியங்கி கப்ளிங்கை அமெரிக்கா சட்டம் போட்டே கட்டாயமாக்கியது. நம்மூர் எல்.ஹெச்.பி. ரயில் பெட்டிகளுக்கு நடுவே இருப்பதும் இந்த வம்சம்தான்.

பொம்மை ரயில்களுக்கு மட்டும் இந்த வசதி வாய்க்கவில்லை. கப்ளிங் என்ற பெயரில் முரட்டுக் கொக்கிகளே தொங்கின. கழற்றக் கை நீட்ட வேண்டும். கை பட்டால் வண்டி தடம் புரளும். ஆரிகன் மாநிலத்தின் கீத் எட்வர்ட்ஸ், டேல் எட்வர்ட்ஸ் என்ற இரட்டையர் இதைத்தான் சரிசெய்ய இறங்கினார்கள். இருவர் பெயரின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து 1946-ல் ‘கேடீ’ கம்பெனியைத் தொடங்கினார்கள்.

அவர்களுடைய கொக்கி பார்ப்பதற்கு ஜேனியின் கப்ளிங்கேதான். பின்னாளில் அதோடு காந்தத்தையும் சேர்த்தார்கள். கொக்கிக்குக் கீழே தொங்கும் மெல்லிய எஃகுக் கம்பி, பிரேக் ஹோஸ் போலவே வளைந்திருக்கும். தண்டவாளங்களுக்கு நடுவே ஒரு காந்தம். அதன்மேல் வண்டியை நிறுத்தி, இணைப்பின் இறுக்கத்தைச் சற்றுத் தளர்த்தினால் இரண்டு கம்பிகளும் எதிரெதிர்ப் பக்கம் இழுபட்டு, பிடி விடும். அதோடு நிற்கவில்லை. பிரிந்த இன்ஜினைக் கொஞ்சம் விலக்கி மறுபடி தள்ளினால் கொக்கிகள் பூட்டிக்கொள்ளாது. வேகனை வேண்டிய தடம் வரைக்கும் தள்ளிவிட்டு வரலாம். கை படாமல் முழு ஷண்டிங்! இந்தப் பொழுதுபோக்கில் இதைவிட அழகான யோசனையை நான் பார்த்ததில்லை.

1960-களில் ஜெர்மனியின் ஆர்னால்டு கம்பெனி, 9 மில்லிமீட்டர் தண்டவாள அகலத்தில் ‘என்’ அளவு ரயில்களைக் கொண்டுவந்தது. அவற்றின் கப்ளிங் சதுரமாக, வண்டிக்குப் பொருந்தாத பருமனில் இருந்தது. எட்வர்ட்ஸ் சகோதரர்கள் தங்கள் கொக்கியை இந்த அளவுக்கும் சுருக்கினார்கள். அதில் ஒரு ஸ்பிரிங் இருக்கிறது. இடுக்கியிலிருந்து துள்ளினால் திரும்பக் கிடைக்காது.

கொக்கிக்குப் பின்னால்தான் வேகன் வந்தது. 1972-ல் ‘மைக்ரோ-டிரெய்ன்ஸ்’ என்ற பெயரில் முதல் 40 அடி வேகனைக் கேடீ வெளியிட்டது. அமெரிக்காவில் ரயில்வே கம்பெனிகளுக்குப் பஞ்சமில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம், ஒரு சின்னம். அதே வார்ப்பில் வேறு வண்ணம், வேறு அச்சு என்று புது வேகன்கள் மாதாமாதம் வரத் தொடங்கின. குறைந்த எண்ணிக்கையில் செய்வதால் சில சீக்கிரமே தீர்ந்துவிடும். மறுபடி அச்சிட்டாலும் வேகனின் மேல் எண் மாறியிருக்கும். கம்பெனியின் பட்டியல் எண்ணிலேயே இது எந்த வகை வேகன் என்று தெரிந்துவிடும். வரிசையில் எந்த எண் விடுபட்டிருக்கிறது என்று கண்டுபிடிப்பது சுலபம். பிறகு அதைத் தேடாமல் இருப்பதுதான் கடினம்.

1990-ல் கம்பெனி இரண்டானது. பெரிய அளவுகள் கேடீயிடம் நின்றன. ‘என்’ அளவும், அதைவிடச் சிறிய ‘இஸட்’ அளவும் மைக்ரோ-டிரெய்ன்ஸ் என்ற தனிக் கம்பெனிக்குப் போயின. இரண்டும் ஆரிகனிலேயே இருக்கின்றன.

வேகன் வரும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பெட்டியை விட்டு அதை வெளியே எடுக்காத சேகரிப்பாளர்கள் உண்டு. பெட்டியோடு இருந்தால் விலை குறையாது என்பது அவர்கள் கணக்கு. நான் தண்டவாளத்தில் வைப்பவர்களின் கட்சி. ஓடும்போது கொக்கிக்குள் இருக்கும் ஸ்பிரிங்கால் வரிசை முழுதும் முன்னும் பின்னும் லேசாக ஆடும். குறைதான், பலர் முணுமுணுப்பார்கள். இருந்தாலும் அந்தக் கொக்கி இன்னொரு கொக்கியைப் பிடிக்கச் செய்யப்பட்டது. அதைப் பிடிக்க விட வேண்டும்.