பாரிஸ்டரும் சொலிசிட்டரும்

இங்கிலாந்து தேசத்து நியாயஸ்தலங்களில் தொழில் புரியும் பாரிஸ்டர், சொலிசிட்டர் என்னும் இரு வகுப்பாரையும் நாம் வக்கீல் என்ற ஒரே பெயரால் அழைத்துவிடுகிறோமாயினும், அவ்விருவருக்கும் இடையே பல நூற்றாண்டுகளாக நின்றுவந்த சுவர், வேலைப் பிரிவினையைக் காட்டிலும் அந்தஸ்தைக் காப்பதற்கே எழுந்தது என்பதை அதன் சரித்திரத்தை ஆராய்வோர் உணர்வர்.

லிங்கன்ஸ் இன், கிரேஸ் இன், இன்னர் டெம்பிள், மிடில் டெம்பிள் என்னும் லண்டன் சங்கங்கள் நான்கனுள் ஒன்றில் சேர்ந்து, குறித்த பருவங்களில் அங்கத்தினரோடு ஒரே மண்டபத்தில் விருந்துண்டு, பரீட்சையும் தேறியவரே பாரிஸ்டர் எனப்பட்டார். 1891-ல் இன்னர் டெம்பிளில் அப்பட்டம் பெற்ற காந்தியடிகளைத் தம் பந்தியில் சேர்த்துக்கொள்ள மாணவர் பலர் போட்டியிட்டனராம். நால்வருக்கு இரண்டு புட்டி மது வழங்கப்பட, அவரோ அதைத் தொடாதவர்.

மறு வகுப்பாருக்கு விருந்து இல்லை. அனுபவஸ்தர் ஒருவரிடம் ஐந்தாண்டு எழுத்து வேலை பழகுவதே அவர்களுடைய முக்கியக் கல்வியாக இருந்தது. பொதுச்சட்ட நீதிமன்றங்களில் அட்டர்னி என்றும் சான்ஸரி கோர்ட்டில் சொலிசிட்டர் என்றும் வழங்கிவந்தோர், 1873-ம் வருஷத்துச் சட்டம் 1875-ல் அமலுக்கு வந்தபோது சொலிசிட்டர் என்ற ஒரே பெயரைப் பெற்றனர்.

கட்சிக்காரர் சென்று முறையிட்டது சொலிசிட்டரிடமே; தஸ்தாவேஜுகளைத் திரட்டி, சாட்சிகளைக் கண்டு, கேஸ் கட்டைப் பாரிஸ்டருக்கு அனுப்பியவர் அவரே. தமக்குரிய கூலி வராவிடில் அவர் வழக்குத் தொடரலாம். பாரிஸ்டர் பெற்றதோ, 1990 வரை, சட்டத்தின் பார்வையில், கட்சிக்காரர் மனமுவந்து அளிக்கும் சம்பாவனை மாத்திரமே. சுவின்பென் என்னும் சீமாட்டிக்கு அவள் எஸ்டேட்டை மீட்டுக்கொடுத்த கென்னடி என்ற பாரிஸ்டர், அவள் வாக்களித்த 20,000 பவுனைக் கேட்டு வழக்காடி ஜூரிகளின் தீர்ப்பையும் பெற்றாராயினும், அத்தகைய வாக்குறுதி சட்டப்படி செல்லாது என்று 1863-ல் மேல் நீதிபதிகள் அதைத் தள்ளிவிட்டனர். உழைத்தவன் ஊதியத்தைக் கேட்பது இழிவு என்று கருதிய இக்கோட்பாட்டை என்னால் கண்ணியம் என்று போற்ற இயலவில்லை.

1801-ல் சென்னையில் ஏற்பட்ட சுப்ரீம் கோர்ட்டிலும் இவ்விரு ஜாதியும் இடம்பெற்றன. கிழக்கிந்தியக் கம்பெனியாரின் மேல் நீதிமன்றமான சதர் அதாலத்திலோ, கட்சிக்காரரின் கதையை நேரே கேட்டு, மனுவையும் எழுதி, வாதத்தையும் தாமே நிகழ்த்திய சுதேச வக்கீல்கள் இருந்தனர். 1862-ல் அவ்விரு நீதிமன்றங்களும் ஹைகோர்ட்டாக ஒன்றிய பின்னர், பம்பாயிலும் கல்கத்தாவிலும், வழக்குகளை முதன்முதலாக விசாரிக்கும் பிரிவான ஒரிஜினல் சைடு வக்கீல்களுக்கு நெடுங்காலம் அடைபட்டிருக்க, சென்னையில் அது வெகு முன்னரே திறந்தது. அட்டர்னிகளின் ஆட்சேபம் பலிக்கவில்லை. ஏழைக் கட்சிக்காரன் அங்கும் இருவருக்குப் பணம் அழாமல் ஒருவரிடமே தன் வியாஜ்யத்தை ஒப்படைக்க முடிந்தது இதனால்தான். ஆங்கிலப் பாரிஸ்டர்களுக்கே உரியதாயிருந்த அட்வகேட் ஜெனரல் பதவியில், லண்டன் விருந்து எதையும் உண்டறியாத வக்கீல் வி. பாஷ்யம் ஐயங்கார் 1897-ல் தற்காலிகமாக அமர்ந்தார்.