இரண்டாம் கப்பல்



அப்போஸ்தலர் 20:14-இல் மித்திலேனே என்னும் பட்டணத்தின் பெயர் வருகிறது. பவுல் கப்பலில் அங்கே வந்தார், மறுநாள் புறப்பட்டார். வேதம் அதைப்பற்றி வேறொன்றும் சொல்லவில்லை. ஆனால் பவுலுக்கு ஏறக்குறைய 480 ஆண்டுகளுக்கு முன், அதே பட்டணத்துக்கு வேறு இரண்டு கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. முதலாவது மரணத்தைக் கொண்டுவந்தது, இரண்டாவது ஜீவனை.

அத்தேனேக்கும் ஸ்பார்ட்டாவுக்கும் கி.மு. 431 முதல் 404 வரை பெரும்போர் நடந்தது. அத்தேனேயின் கூட்டணியிலிருந்த மித்திலேனே கி.மு. 428-இல் கலகம் செய்து, மறு ஆண்டு பணிந்தது. அதற்குரிய தண்டனையைத் தீர்மானிக்க அத்தேனேயின் குடிமக்கள் கூடினார்கள். பெண்களுக்கும் அடிமைகளுக்கும் அங்கே குரல் இல்லை. குடியுரிமை பெற்ற ஆண்கள் கையுயர்த்தித் தீர்ப்பளித்தார்கள். அந்தக் கூட்டத்தின் பெயர் ‘எக்ளேசியா’. புதிய ஏற்பாட்டில் ‘சபை’ என்று நாம் வாசிக்கும் கிரேக்கச் சொல் அதுவே.

பார்த்தெனோன் ஆலயத்தை எழுப்பிய அதே மக்கள், அன்று கோபத்தால் கொதித்தார்கள். மித்திலேனேயின் ஆண்கள் அனைவரையும் கொல்லவும், பெண்களையும் பிள்ளைகளையும் அடிமைகளாக்கவும் முடிவாயிற்று. ஆணையுடன் கப்பல் புறப்பட்டது.

மறுநாள் அவர்கள் மனம் குத்துண்டது. மீண்டும் கூடினார்கள். இரக்கம் பேரரசுக்கு ஆகாது என்றான் கிளேயோன். அவசரமும் கோபமும் நல்லாலோசனைக்குப் பகை என்றான் தியோதோத்து. உயர்ந்த கைகள் ஏறக்குறைய சமமாயிருந்தன; தியோதோத்து சற்றே வென்றான்.

ஆனால் முதற்கப்பல் ஏறத்தாழ ஒரு பகலும் ஓர் இரவும் முந்திப் போயிருந்ததே! இரண்டாம் கப்பலின் வீரர்கள் திராட்சரசத்திலும் எண்ணெயிலும் பிசைந்த வாற்கோதுமை மாவைத் துடுப்பு வலித்துக்கொண்டே உண்டார்கள்; முறைவைத்து உறங்கினார்கள். முதற்கப்பலோ, தன் கொடிய வேலைக்கு விரைய மனமின்றிச் சென்றது. தளபதி ஆணையை வாசித்து, நிறைவேற்ற ஆயத்தமான வேளையில் இரண்டாம் கப்பல் கரைசேர்ந்தது என்று எழுதுகிறார் வரலாற்றாசிரியர் துசிடிடீஸ். பட்டணம் தப்பியது. ஆயினும், கலகத்துக்குக் காரணர் என்று ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர்.

கி.மு. 416-இல் மேலோஸ் தீவுக்கும் அத்தேனே இதே தண்டனையை விதித்தது. அங்கே இரண்டாம் கப்பல் வரவில்லை. கி.மு. 405-இல் தங்கள் கடற்படை அழிந்த செய்தி வந்த இரவில் அத்தேனேயில் ஒருவரும் உறங்கவில்லை. மேலோஸுக்குத் தாங்கள் செய்தது தங்களுக்கும் நேருமே என்று அஞ்சினார்கள்.

பிரியமானவர்களே, பெரும்பான்மை ஒரு முடிவைத் தீர்மானமாக்கும், நீதியாக்காது. இது நம் சபைக் கூட்டங்களுக்கும் பொருந்தும், நம் வீடுகளுக்கும் பொருந்தும். கோபத்தில் நாம் அனுப்பிய சொல் ஒன்று இப்போது யாரையோ நோக்கிப் போய்க்கொண்டிருக்கலாம். தனியறையில் வருந்துவது மட்டும் மனந்திரும்புதல் ஆகாது. சகேயு வருந்தியதோடு நிற்கவில்லை. வஞ்சித்து வாங்கியதை நாலத்தனையாகத் திரும்பக் கொடுக்க முன்வந்தான். அதுவே இரண்டாம் கப்பல்.

இந்த வாரம் நீங்கள் யாரிடம் போகவேண்டும்? தாமதியாமல் துடுப்பை எடுங்கள். இரக்கத்தில் ஐசுவரியமுள்ள தேவன் உங்களுக்குப் பெலன் தருவாராக. ஆமென்.