மாரிக்குப்பம் ரயிலில் ஒலிக்கும் பாட்டு

கோலார் தங்க வயலில் ஜான் டெய்லர் கம்பெனி 1880-இல் தொடங்கிய சுரங்க வேலை 2001 பிப்ரவரி 28-இல் முடிந்தது. வட ஆற்காடு, சேலம் பக்கத்திலிருந்து வந்த தலித் தொழிலாளர்களே பெரும்பாலும் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கினர். வேலை போன ஊர், கர்நாடகத்தில் சிறுபான்மையான மொழி, நெருக்கமான லைன் வீடுகள், அவற்றின் பின்னால் சயனைடு கழிவு மேடு. வெறுப்பு இயக்கம் ஆள் பிடிக்க இதைவிடத் தோதான மண் உண்டா என்று கேட்கத் தோன்றும். பிரிட்டனில் வேலையற்றோர் எண்ணிக்கை 1982-இல் முப்பது லட்சத்தைத் தாண்டியபோது, ஸ்க்ரூடிரைவர் என்ற ராக் குழு அப்படிப்பட்ட மண்ணில்தான் நிறவெறியைப் பாட்டாக்கியது. அதன் பாடகர் இயன் ஸ்டூவர்ட் டொனால்ட்சன் 1987-இல் ‘பிளட் அண்ட் ஹானர்’ என்ற நவ-நாஜி இசை வலையமைப்பைத் தொடங்கினார். கூட்டம் போட்டு வகுப்பெடுத்தால் வராத பையன், கச்சேரி என்றால் வருவான் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஆனால் வறுமை மட்டுமே வெறுப்பைப் பெற்றெடுக்கும் என்றால் தங்கவயலின் நூற்றாண்டு வேறு மாதிரி போயிருக்க வேண்டும். தலித் சிந்தனையாளர் அயோத்திதாசரின் சாக்கிய பௌத்த சங்கம் இங்குள்ள மாரிக்குப்பத்தில் கிளை விட்டது. அவர் மறைந்த பின், 1926 முதல், அவர் நடத்திய ‘தமிழன்’ இதழ் இங்கிருந்தே அச்சாகி வந்தது. 1930-இல் கைரேகைப் பதிவை எதிர்த்துத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். 1982 மொழிப் போராட்ட நாட்களில் போலீஸ் சுட்டு உயிர்கள் போயின. அந்தக் கோபத்துக்குப் பிறகும், கம்யூனிஸ்டு, குடியரசுக் கட்சி, அ.தி.மு.க. என்று வாக்குச்சீட்டில்தான் ஊர் பேசியது. சங்கமும் அச்சகமும் இருந்த இடத்தில் கோபத்துக்கு முகவரி இருந்தது: கம்பெனி, சர்க்கார், சாதி. அடுத்த வீட்டுக்காரன் அல்ல.

தொழிற்சங்கமும் பாடத்தானே செய்தது, அதற்கும் வெறுப்புப் பாட்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, பாட்டில்லாத தொழிற்சங்க மேடை தமிழில் ஏது? கூலி கேட்கும் பாட்டுக்கு நிர்வாகம் பதில் சொல்லலாம், பேரம் பேசலாம். “நீ இங்கே இருக்காதே” என்னும் பல்லவிக்கு எதிரே இருப்பவன் என்ன பதில் சொல்வான்? குணால் புரோஹித் 2023-இல் வெளியிட்ட நூல் காட்டும் இந்துத்துவப் பாப் பாடல்கள் இந்த இரண்டாம் வகை. முஸ்லிம்களைப் பகையாக்கும் இந்தி வரிகள் துள்ளலான மெட்டில் யூடியூபில் சுற்றி, ஊர்வல டிஜே வண்டியில் ஏறுகின்றன. ஜனநாயகத்துக்கு ஆபத்து இங்கேதான்: வாக்குச்சாவடிக்குப் போகும் முன்பே சக குடிமகன் அந்நியனாகிவிடுகிறான்.

இத்தகைய பாட்டைத் தடை செய்துவிடலாமே என்பார்கள். ருவாண்டாவின் பாடகர் சிமோன் பிகிண்டியின் வழக்கு அவ்வளவு எளிதாக முடியவில்லை. அவர் பாடல்கள் இன வெறுப்பைத் தூண்டின என்று ருவாண்டாவுக்கான சர்வதேசக் குற்றவியல் தீர்ப்பாயம் ஏற்றது. ஆனால் 1994 இனப்படுகொலையின்போது அவை வானொலியில் ஒலிபரப்பானதில் அவருக்குப் பங்குண்டு என்பதை நிரூபிக்க முடியவில்லை. 2008-இல் கிடைத்த பதினைந்தாண்டுச் சிறை, வண்டியில் போகும்போது ஒலிபெருக்கியில் அவர் பேசிய பேச்சுக்காக. பாட்டைச் சட்டம் துரத்துவதற்குள் அது பத்துக் கைகள் மாறிவிடுகிறது.

இன்று விடியற்காலையில் மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூருக்கு ரயிலேறுகிறவர்கள் சுரங்கத் தொழிலாளிகளின் பேரப்பிள்ளைகள். சங்கக் கூட்டத்துக்குப் போன பாட்டனின் மாலைப்பொழுது அவர்களுக்கு இல்லை; போக வர மணிக்கணக்கில் பயணமும் காதில் ஹெட்போனும் உண்டு. அடுத்த பாட்டு எது என்பதைக் கைபேசியே முடிவு செய்கிறது.