முடி காக்கும் தைலங்கள்: அரபு மருத்துவ நூல்கள் கூறும் வரலாறு

தலைமுடி உதிர்தல் உயிருக்கு ஊறு விளைக்கும் நோயன்று. ஆயினும் அது மனிதனின் உள்ளத்தை வருத்தும் குறை என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். பனூ இஸ்ராயீல் மக்களில் மூவர் சோதிக்கப்பட்ட வரலாறு ஸஹீஹுல் புகாரியில் இடம்பெற்றுள்ளது. அம்மூவரில் ஒருவர் தலைமுடி இழந்தவர். வானவர் வந்து வினவியபோது, அழகிய முடி வேண்டும், மக்கள் தம்மை அருவருக்கும் நிலை நீங்க வேண்டும் என்பதே அவருடைய விருப்பமாயிருந்தது. அந்த ஏக்கம் இன்றும் மாறவில்லை. அதனை மூலதனமாக்கி, இப்னு ஸீனாவின் பெயராலும் நபிவழி மருத்துவத்தின் பெயராலும் தைலங்கள் விற்கப்படுவதையும் நாம் காண்கிறோம். அப்பெரியோர் உண்மையில் எழுதி வைத்தது என்ன என்பதை அறிந்து கொள்வது இன்றைய தேவையாகும்.

இரு நோய்கள், இரு பெயர்கள்

அரபு மருத்துவ நூல்களைப் புரட்டும்போது முதலில் நம் கருத்தைக் கவர்வது, முடி இழப்பை அவை ஒரே நோயாகக் கருதவில்லை என்பதே. முன்தலையில் தொடங்கிப் படிப்படியாகப் பரவும் வழுக்கையை ‘ஸலஃ’ என்றனர். திட்டுத் திட்டாக முடி கொட்டும் நோயை ‘தாஉஸ் ஸஃலப்’, அதாவது நரிநோய் என்றனர். தமிழில் புழுவெட்டு என நாம் வழங்குவது இவ்வகையைச் சேர்ந்ததே. பாம்பு நெளிவதைப் போல வளைந்து செல்லும் வகைக்கு ‘தாஉல் ஹய்யா’, பாம்புநோய் என்று பெயர்.

இப்பெயர்கள் கிரேக்கத்திலிருந்து வந்தவை. சொறி பிடித்த நரியின் மயிர் உதிர்வதைக் கண்ட கிரேக்கர், நரியின் பெயரையே அந்நோய்க்கு இட்டனர். ஹுனைன் இப்னு இஸ்ஹாக் (மறைவு 873) போன்ற மொழிபெயர்ப்பாளர்கள் கிரேக்க மருத்துவத்தை அரபிக்குக் கொணர்ந்த காலத்தில் இத்தகைய கலைச்சொற்கள் பொருள் மாறாமல் அரபியில் நிலைபெற்றன. இன்றைய ஆங்கில மருத்துவம் வழங்கும் ‘அலோபீசியா’ என்னும் சொல்லும் அதே நரியின் பெயரே.

கானூன் கூறுவது

இப்னு ஸீனா (980–1037) தம் ‘அல்கானூன் ஃபித்திப்’ நூலின் நான்காம் பாகத்தில் ‘ஸீனத்’ எனும் அழகு பேணல் பற்றித் தனிப்பகுதி அமைத்து, அதன் தொடக்கத்திலேயே முடியின் நிலைகளை ஆராய்கிறார். உடலின் வெப்பத்தால் எழும் புகை போன்ற ஆவி தோலின் நுண்துளைகளில் தங்கி இறுகி முடியாகிறது என்பது அவர் கொண்டிருந்த கொள்கை. ஆவி குறைந்தாலும், துளைகள் அளவு மீறி விரிந்தாலும் அல்லது அடைபட்டாலும் முடி உதிரும் என விளக்குகிறார். பெண்களுக்கும் விதைநீக்கப்பட்டோருக்கும் வழுக்கை விழாமைக்கு அவர்தம் உடலின் ஈரத்தன்மையைக் காரணமாகக் காட்டுகிறார். விதைநீக்கப்பட்டோருக்கு வழுக்கை விழுவதில்லை என்னும் செய்தி ஹிப்போகிரட்டஸ் காலத்திலிருந்தே வருவது.

முடியைக் காக்கும் மருந்துகளுக்கு அவர் வகுத்த இலக்கணம் சுவையானது. அவற்றில் ஈர்க்கும் இயல்புடைய மென்மையான வெப்பமும், துவர்ப்பால் இறுக்கிப் பிடிக்கும் ஆற்றலும் ஒருங்கே இருத்தல் வேண்டும் என்கிறார். வெப்பம் முடிக்கு வேண்டிய சத்தை இழுத்து வரும். துவர்ப்பு முடியை உதிராமல் நிறுத்தும். ‘ஆஸ்’ என்னும் நறுமணச் செடியின் இலையும் கனியும், ‘லாதன்’ என்னும் பிசின், வெள்ளைப்போளம், கரியபோளம், மாசிக்காய் முதலியன இவ்வகை மருந்துகள்.

இவற்றுள் லாதனின் வரலாறு வியப்பூட்டுவது. மத்தியதரைக் கடல் நாடுகளில் வளரும் ஒரு புதர்ச்செடியின் இலையில் சுரக்கும் பிசின் அது. மேயும் வெள்ளாடுகளின் தாடியிலும் உடல் மயிரிலும் ஒட்டிக்கொள்ளும். அதனைச் சீவி எடுப்பர். இப்னு ஸீனாவுக்குச் சுமார் ஓராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே டயஸ்கோரிடீஸ் என்னும் கிரேக்க மருந்தியலார், முடி உதிர்வைத் தடுக்க இதனை ஆஸ் தைலம், வெள்ளைப்போளம் ஆகியவற்றோடு சேர்க்கச் சொன்னார்.

அப்பட்டியலில் நமக்கு மிக அண்மையில் உள்ள இரு பெயர்களும் உண்டு: ‘அம்லஜ்’, ‘ஹலீலஜ்’. முன்னது நெல்லிக்காய், பின்னது கடுக்காய். அம்லஜ் என்பது ‘ஆமலக’ என்னும் வடசொல்லின் அரபு வடிவம். 850இல் நிறைவுற்ற அலீ இப்னு ஸஹ்ல் ரப்பன் அத்தபரியின் ‘ஃபிர்தவ்ஸுல் ஹிக்மத்’ இந்திய மருத்துவத்துக்கெனவே ஒரு பகுதியை ஒதுக்கியது. கிரேக்கத்தின் லாதனும் இந்தியாவின் நெல்லியும் ஒரே ஏட்டில் அருகருகே அமர்ந்தமை, அறிவு எங்கிருந்து வந்தாலும் ஏற்ற அக்காலப் பரந்த நோக்குக்குச் சான்றாகும்.

வெங்காயமும் பாக்தாதும்

நரிநோய்க்கான சிகிச்சை வேறு. அங்குத் தோலைத் தூண்டிச் சிவக்கச் செய்யும் காரப் பொருள்கள் பயன்பட்டன. வெங்காயத்தைப் பற்றி எழுதுமிடத்து, நரிநோய் கண்ட இடத்தைச் சுற்றி அதனைத் தேய்த்தால் பெரிதும் பயன் தரும் என்கிறார் இப்னு ஸீனா. 2002இல் பாக்தாத் மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வொன்றில், புழுவெட்டு உள்ளோர் 23 பேர் வெங்காயச் சாற்றை நாளுக்கு இருமுறை பூசினர். ஆறு வாரங்களில் 20 பேருக்கு முடி முளைத்தது. வெறும் நீர் பூசிய 15 பேரில் இருவருக்கே முளைத்தது.

ஆனால் இதனை அளவோடு கொள்ள வேண்டும். ஆய்வு மிகச் சிறியது. புழுவெட்டு தானாகவே குணமாவதும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, அது ஆண்களின் பரம்பரை வழுக்கை பற்றிய ஆய்வே அன்று. நம் முன்னோர் பிரித்து வைத்த இரு நோய்களை, வெங்காயத் தைலம் விற்போர் ஒன்றாக்கி விடுகின்றனர்.

நவீன காலத்தின் விடை

விதைநீக்கப்பட்டோருக்கு வழுக்கை ஏன் விழுவதில்லை என்னும் பழைய வினாவுக்கு 1942இல் ஜேம்ஸ் ஹாமில்டன் என்னும் அமெரிக்க உடற்கூற்றியலார் விடை கண்டார். பருவம் எய்துமுன் விதை இழந்தோருக்கு ஆண் இயக்குநீரான டெஸ்டோஸ்டிரோனைச் செலுத்தியபோது, வழுக்கை மரபுடைய குடும்பத்தாருக்கு முடி கொட்டத் தொடங்கியது. ஆக, காரணம் ஈரக்குறைவன்று. இயக்குநீரும் மரபும் சேர்ந்ததே.

இன்று மேற்பூச்சாக வழங்கும் ‘மினாக்ஸிடில்’ தற்செயலாகக் கிடைத்தது. 1979இல் அமெரிக்காவில் இரத்த அழுத்த மாத்திரையாக ஒப்புதல் பெற்ற அம்மருந்தை உட்கொண்டோர் உடலில் முடி மிகுதியாக வளர்ந்தது. அப்பக்கவிளைவே பயனாக மாறி, 1988இல் 2 விழுக்காட்டுக் கரைசல் ஆண்களின் வழுக்கைக்கு அனுமதிக்கப்பட்டது. அது இரத்த நாளங்களை விரிப்பது. முடியின் வளர்ச்சிப் பருவத்தை நீட்டிப்பது. பலன் தெரியச் சில மாதங்கள் ஆகும்; தொடக்கத்தில் சிறிது கூடுதலாக உதிர்வதும் உண்டு. நிறுத்திவிட்டால் பெற்ற முடியும் சில மாதங்களில் போய்விடும். நெடுநாள் மழமழவென்றாகிவிட்ட தலைக்கு அதனாலும் பெரும்பயன் இல்லை.

பெருமையும் பொறுப்பும்

சத்தை இழுத்து வரும் வெப்பம் என்று இப்னு ஸீனா சொன்னதையும், நாளங்களை விரிக்கும் மினாக்ஸிடிலையும் இணைத்து, ‘அன்றே சொன்னார்’ என்று முழங்குவோர் உளர். இது அவருக்குப் பெருமை சேர்ப்பதன்று. அவருடைய ஆவிக் கொள்கை அவர் காலத்து அறிவு. அது இன்று கைவிடப்பட்டது. நோயை நோயிலிருந்து பிரித்தறிந்த கூர்மையும், மருந்துக்கு இலக்கணம் வகுத்த ஒழுங்கும், கிடைத்த அறிவையெல்லாம் தொகுத்த உழைப்புமே அவருடைய உண்மையான பெருமை.

நபிவழி மருத்துவத்தின் பெயரைப் பயன்படுத்துவோர் இன்னும் கவனமாயிருத்தல் வேண்டும். முடியுள்ளவர் அதனைப் பேண வேண்டும் என்றும், ஆலிவ் எண்ணெயைப் பூசிக்கொள்ளலாம் என்றும் நபிமொழிகள் உண்டு. வழுக்கையில் முடி முளைக்கும் என்னும் வாக்குறுதி அவற்றில் இல்லை. நபி (ஸல்) அவர்கள் மார்க்கத்தைக் கற்பிக்கவே அனுப்பப்பட்டார்கள், மருத்துவத்தைக் கற்பிக்க அல்ல என்று இப்னு கல்தூன் (மறைவு 1406) தம் முகத்திமாவில் எழுதினார். நம்பிக்கையோடு பரக்கத் நாடிப் பயன்படுத்துவோர் பயன் பெறலாம் என்றும் அவரே சேர்த்துக் கூறினார். அப்பரக்கத்துக்கு விலைச்சீட்டு ஒட்டுவதே தவறு.

மருத்துவம் அறியாமல் மருத்துவம் செய்பவர் விளையும் தீங்குக்குப் பொறுப்பாவார் என்னும் நபிமொழி அபூதாவூதில் உள்ளது. 931இல் பாக்தாதில் மருத்துவர் ஒருவரின் தவற்றால் நோயாளி இறந்தபோது, கலீஃபா அல்முக்ததிர், தேர்வு பெறாத எவரும் மருத்துவம் செய்யலாகாது என ஆணையிட்டார். ஸினான் இப்னு ஸாபித் அத்தேர்வை நடத்தினார். 860க்கும் மேற்பட்டோர் தேர்வுக்கு உட்பட்டதாக வரலாறு கூறுகிறது. மருந்துக் கடைகளின் கலப்படத்தைக் கண்காணிப்பது ‘முஹ்தஸிப்’ என்னும் அங்காடி அதிகாரியின் கடமையாயிருந்தது.

அவ்வங்காடியில் இன்றைய தைலக் குப்பிகளை அடுக்கினால் எத்தனை தேறும்? முடி உதிர்வோர் முதலில் தமக்குற்றது புழுவெட்டா, வழுக்கையா என்பதைத் தோல் மருத்துவரிடம் கேட்டறியட்டும். நெல்லித் தைலமோ ஆலிவ் எண்ணெயோ தலைக்குத் தேய்த்துக் கொள்வோர் அதனைத் தூய்மைக்காகவும் அழகுக்காகவும் தேய்த்துக் கொள்ளட்டும். முன்னோர் பெயரைச் சொல்லி விற்போரிடம், அவர்கள் எந்த நூலில், எந்த நோய்க்குச் சொன்னார்கள் என்று கேட்கும் துணிவை மட்டும் நாம் இழந்துவிடலாகாது.