கேலிக் கால்பந்தில் சிறிய கவுண்டிகளின் எழுச்சி

அயர்லாந்தின் கேலிக் கால்பந்தை 1884இல் தொடங்கப்பட்ட கேலிக் தடகளச் சங்கம் நடத்துகிறது. ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் இல்லை. பெரும்பாலும் சொந்தக் கவுண்டிக்கே ஆடுகிறார்கள். எனவே மக்கள்தொகை குறைந்த கவுண்டி, வெளியிலிருந்து ஆட்களை விலைக்கு வாங்கி வலுப்பெற முடியாது. அகில அயர்லாந்துப் பட்டங்களில் ஏறக்குறைய பாதி கெர்ரி, டப்ளின் ஆகிய இரண்டிடமே சேர்ந்திருப்பதால், சிறிய கவுண்டிகளின் வெற்றிகள் கூடுதல் மதிப்புப் பெறுகின்றன.

அவற்றில் மிகப் புகழ்பெற்றது 1982 அகில அயர்லாந்து இறுதியாட்டம். கெர்ரி தொடர்ந்து நான்கு பட்டங்கள் வென்றிருந்தது. தொடர்ச்சியாக ஐந்து என்பது அதுவரை எவருமே எட்டாத இலக்கு. ஆட்டம் முடியும் தறுவாயில், எதிரணியான சிறிய கவுண்டி ஆஃபலி இரண்டு புள்ளிகள் பின்தங்கியிருந்தது. மாற்று ஆட்டக்காரராக இறங்கிய ஷேமஸ் டார்பி ஒரு கோல் அடித்தார். கோலுக்கு மூன்று புள்ளிகள் என்பதால் ஆஃபலி ஒரு புள்ளியில் வென்றது.

அல்ஸ்டர் மாகாணத்தில் டொனிகல் (1992), டெரி (1993), அர்மா (2002), டைரோன் (2003) ஆகியவை தங்கள் முதல் அகில அயர்லாந்துப் பட்டத்தை வென்றன. ஆயினும் நெஞ்சைத் தொடுவது லீட்ரிமின் கதையே. அயர்லாந்திலேயே மக்கள்தொகை மிகக் குறைந்த இக்கவுண்டி, 1927க்குப் பிறகு 1994இல்தான் கானாட் மாகாணப் பட்டத்தை மீட்டது. 1927 அணியின் தலைவர் டாம் கேனனும் புதிய தலைவர் டெக்லன் டார்சியும் சேர்ந்து கோப்பையை உயர்த்தினர்.

பலம் குறைந்த அணிகளுக்கென டெய்ல்டின் கோப்பை 2022இல் தொடங்கப்பட்டது. முதல் ஆண்டு வெஸ்ட்மீத் வென்றது. லவுத் 68 ஆண்டுகளுக்குப் பின் 2025இல் லெய்ன்ஸ்டர் மாகாணப் பட்டம் பெற்றது.