சார்பின் சார்பு: ஒரு விதியின் வரலாறு

1676ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்திலே முப்பது வயதுடைய ஜேர்மானியர் ஒருவர் பாரிசு நகரைவிட்டுப் புறப்பட்டார். நான்கு ஆண்டுகள் அங்கு வாழ்ந்தும் அவருக்கு நிலையான பதவி கிட்டவில்லை. ஹனோவர்ப் பிரபுவிடம் நூலகப் பணி ஒன்று அவருக்காகக் காத்திருந்தது. போகும் வழியில் இலண்டனிற் சில நாள் தங்கிப் பின்னர் ஒல்லாந்துக்குக் கப்பலேறினார். அவர்தாம் லைப்னிற்ஸ். அவ்வாண்டு நவம்பர் மாதமிட்டு அவர் எழுதிய கைப்பிரதி ஒன்றே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

ஒரு கணியம் மாற அதனைப் பற்றி நிற்கும் வேறொரு கணியமும் மாறுமானால், பின்னதை முன்னதன் சார்பு என்கிறோம். முதற் கணியம் தானும் மூன்றாவதொன்றைச் சார்ந்திருக்குமாயின், சார்பின் சார்பு பிறக்கிறது. துவிச்சக்கரவண்டியை எண்ணிப்பாருங்கள். மிதியோடு சுழலும் முன் பற்சில்லில் 48 பற்கள். பின் பற்சில்லில் 16 பற்கள். மிதி ஒருமுறை சுழலப் பின்சில்லு மும்முறை சுழலும். பின்சில்லு ஒருமுறை சுழல வண்டி ஏழு அடி நகருமெனக் கொள்வோம். மிதியின் ஒரு சுற்றுக்கு வண்டி எவ்வளவு நகரும்? மூன்றையும் ஏழையும் கூட்டிப் பத்து என்பவர் எவருமிலர். பெருக்கி இருபத்தொன்று என்றே சொல்லுவர். மாறும் வீதங்கள் ஒன்றன்பின் ஒன்றாய்த் தொடுக்கப்படும்போது பெருக்கப்படுகின்றன. சங்கிலி விதி என நாம் கற்பிப்பது இதுவே.

இத்துணை எளிய விதியில் மாணாக்கர் ஏன் இடறுகின்றனர்? வர்க்கமூலக் குறியின் கீழே நீண்ட கோவையொன்றைக் கண்டதும் மூலத்தை மட்டும் வகையிட்டுவிட்டு, உள்ளிருப்பதை மறந்துவிடுகின்றனர். சிவப்பு மையில் யான் திருத்திய தவறுகளுள் இதுவே மிகுதி.

அந்த மூலக்குறியே அக்காலத்துப் பெரியோரையும் தொல்லைப்படுத்தியது. வளைகோட்டுக்குத் தொடுகோடு காண பேர்மா, சிலூசு முதலியோர் வகுத்த முறைகள் மூலங்கள் இல்லாத சமன்பாடுகளுக்கே நன்கு பொருந்தின. மூலம் வந்தால் முதலில் வர்க்கித்து அதனை நீக்கவேண்டும். இரண்டு மூன்று மூலங்கள் வந்துவிட்டாலோ தாள் நிறைந்துவிடும், பொறுமையும் தீர்ந்துவிடும். லைப்னிற்ஸ் வேறு வழி கண்டார். a உடன் z இன் b மடங்கையும், z இன் வர்க்கத்தின் c மடங்கையும் கூட்டி, அதன் வர்க்கமூலத்தை எடுத்துக்கொண்டார். மூலத்தின் கீழுள்ள முழுவதையும் x என்னும் ஓர் எழுத்தாற் குறித்தார். x இன் மூலத்தை வகையிட்டார், x ஐத் தனியே வகையிட்டார், இரண்டையும் இணைத்தார். வேலை முடிந்தது. ஆனால், நேயர்களே, அந்தக் கணக்கில் ஒரு குறிப் பிழை இருக்கிறது! அதற்கு ஓராண்டு முன்னரும், 1675 நவம்பரில், பெருக்கத்தின் வகையீடு வகையீடுகளின் பெருக்கந்தானோ என்று ஐயுற்று, அது பொருந்தாதெனத் தாமே கண்டு தெளிந்தார். இவற்றை அறிந்தபின் சிவப்பு மையை யான் சற்றுச் சிக்கனமாகவே பயன்படுத்துகிறேன்.

இக்கைப்பிரதிகள் வேறொரு வகையிலும் பெறுமதியுடையன. இலண்டனில் தங்கிய நாட்களில் நியூற்றனின் கையெழுத்து நூலொன்றை லைப்னிற்ஸ் பார்வையிட்டார். நுண்கணிதத்தை அவர் களவாடினார் என்ற பழி பின்னாளில் எழுந்தது. 1712இல் இலண்டன் வேத்தியற் கழகம் அமைத்த குழுவும் நியூற்றனின் பக்கமே சாய்ந்தது. ஹனோவரிற் கிடந்த 1675ஆம் ஆண்டுத் தாள்களை அக்குழு காணவில்லை. அவற்றிலே, அந்த இலண்டன் வருகைக்கு ஏறத்தாழ ஓராண்டு முன்னரே, d என்னும் வகையீட்டுக் குறியும் நீண்ட S வடிவான தொகையீட்டுக் குறியும் இருக்கின்றன. நியூற்றனின் நூலிலிருந்து அவர் குறித்துக்கொண்டவையோ தொடர்களைப் பற்றியவையே. பழி தவறு என்பதே என் தீர்ப்பு.

1684இல் லைப்னிற்ஸ் தம் முறையை முதன்முதலாக அச்சேற்றினார். பின்னங்களும் மூலங்களும் இம்முறையைத் தடைசெய்யமாட்டா என்று கட்டுரைத் தலைப்பிலேயே பறைசாற்றினார். 1696இல் வெளிவந்த லோப்பித்தாலின் பாடநூலிலும் இவ்விதி பெயரின்றியே தொழிற்படுகிறது. வியப்பு யாதெனில், 1755இல் ஒயிலர் எழுதிய பெருநூலிலும் இது தனி விதியாகக் கூறப்படவில்லை. ஒயிலர் அறியாததா? அன்று. எழுத்தை மாற்றிப் பிரதியிடுவதே போதுமாயிருந்தது; அதற்கென்று ஒரு விதி எதற்கு? சார்பையே தனிப்பொருளாகக் கொண்டு நோக்கியபின்னரே, சார்பினுள் சார்பு என்ற எண்ணத்துக்கு இடமுண்டாயிற்று. 1797இல் லகிராஞ்சியின் நூலிலும் 1823இல் கோசியின் விரிவுரைகளிலும் இவ்விதி இன்றைய வடிவை அணுகுகிறது.

லைப்னிற்சின் குறியீட்டில் இவ்விதியை எழுதினால், மேலும் கீழும் நிற்கும் du என்பதை வெட்டிவிடலாம் போலத் தோன்றும். மாணாக்கர் அப்படியே வெட்டுகின்றனர். சில பாடநூல்களும் அதையே நிறுவல் என்றன. ஆனால் வெளிமாறி மாறும்போது இடையிலுள்ள கணியம் சற்றும் மாறாது நின்றால், பூச்சியத்தால் வகுத்தவராவோம். முறையான நிறுவல் அந்த வகுத்தலைத் தவிர்த்துச் செல்கிறது. வெட்டி விடை கண்ட மாணவனுக்கு யான் புள்ளி குறைப்பதில்லை; அருகே அழைத்து, அந்த du பூச்சியமானால் என்ன செய்வாய் என்று மட்டும் கேட்பேன்.